எஸ்ஐஎச்டி: வாசல்படி தாண்டினால்தான் பலன் தரும் நேர்காணல் படிவம்

வீடு கொள்ளாத அளவுக்குப் பொருள் சேர்த்து வைத்திருக்கும் ஒருவருக்கு ஹோர்டிங் டிஸ்ஆர்டர் எனப்படும் பொருள் சேர்ப்புக் கோளாறு இருக்கிறதா என்று சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. கேட்டும் பார்த்தும்தான் முடிவுக்கு வர வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்றே வந்த படிவங்களில் முதலில் கையில் எடுக்க வேண்டியது எஸ்ஐஎச்டி, அதாவது ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூ ஃபார் ஹோர்டிங் டிஸ்ஆர்டர். லண்டன் கிங்ஸ் காலேஜில் ஆஷ்லி நார்ட்ஸ்லெட்டன், டேவிட் மத்தாயிஷ் கோல்ஸ் உள்ளிட்டோர் அடங்கிய குழு உருவாக்கி 2013-ல் வெளியிட்டது. இதற்குக் காசு கிடையாது. ஆங்கிலத்தில் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க இதைவிடத் தெளிவான படிவம் கிடைப்பது கஷ்டம். நோய் எவ்வளவு தீவிரம் என்று அளக்க இது உதவாது, அதற்கு வேறு தாள் வேண்டும். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுவதையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதன் பாதிப் பயன்தான் கிடைக்கும். மீதிப் பாதி நோயாளியின் வீட்டுக்குள் இருக்கிறது.

மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் ஆகியோர் நடத்துவதற்கான படிவம் இது. அப்பாவுக்கு இது இருக்கிறதா என்று மகன் டிக் அடித்துப் பார்க்கும் தாள் இல்லை.

எங்கிருந்து வந்தது

2013 வரை டிஎஸ்எம் எனப்படும் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் பொருள் சேர்ப்புக்குத் தனி இடம் இல்லை. ஓசிபிடி என்ற ஆளுமைக் கோளாறின் அடையாளங்களில் ஒன்றாகக் கிடந்தது. வேண்டாத நினைப்பு வலிய வந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஓசிடியின் ஒரு வகை என்றும் பலர் எண்ணினார்கள். ஓசிடிக்குப் பயன்படும் ஒய்-பாக்ஸ் பட்டியலில் இதற்கென்று இருப்பவை இரண்டே வரிகள். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 இதைத் தனி நோயாக அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலான ஐசிடி-11 இதற்கு 6பி24 என்ற எண் கொடுத்திருக்கிறது.

டிஎஸ்எம்-5 அறிவிப்பதற்கு முன்பே அதன் வரைவு விதிகளை லண்டனில் சோதித்துப் பார்த்தார்கள். பொருள் சேர்க்கும் பழக்கம் உள்ள 50 பேர், தங்களைச் சேகரிப்பாளர்கள் என்று சொல்லிக்கொண்ட 20 பேர். முடிந்தபோதெல்லாம் வீட்டுக்கே போனார்கள், இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டார்கள். அந்தச் சோதனையின் நேர்காணலிலிருந்து வளர்ந்ததுதான் இந்தப் படிவம். வீட்டை நம்பிப் பிறந்ததால், வீட்டை விட்டு வெளியே எடுத்தால் தடுமாறுகிறது.

உள்ளே என்ன இருக்கிறது

ஏ முதல் எஃப் வரை டிஎஸ்எம்-5-ன் ஆறு விதிகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த கேள்விகள் உண்டு. பதில் தெளிவாக இல்லாவிட்டால் நாமே துருவிக் கேட்கலாம். ஒவ்வொரு விதியின் முடிவிலும் இந்த விதி பொருந்துகிறதா இல்லையா என்று எழுதியாக வேண்டும். பிறகு அளவுக்கு மீறிப் பொருள் வாங்கிச் சேர்ப்பது உண்டா, நோய் பற்றிய உணர்வு, அதாவது இது ஒரு பிரச்சினை என்று அவருக்கே தெரிவது, எந்த அளவில் இருக்கிறது என்ற இரண்டு துணைக் குறிப்புகள். ஓசிடியையும் ஆட்டிசத்தையும் பிரித்தறியத் தனிக் கேள்விகளும், ஆபத்தை மதிப்பிட ஒரு பகுதியும் உண்டு.

ஆறு விதிக்கும் தனித்தனியாக முடிவு எழுத வைப்பதுதான் இதன் பெரிய பலம். பொருள் குவிந்த வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் மனதுக்குள் நோய்ப்பெயர் எழுந்துவிடும். படிவம் அதை நிறுத்தி, குவிந்திருப்பதற்குக் காரணம் என்ன என்று தனியாகக் கேட்க வைக்கிறது. வழுக்கி விழும் இடமும் அதுதான்.

ஏ விதி: விட முடியாமை

பொருளின் உண்மையான மதிப்பு எதுவானாலும், அதை விட்டுப் பிரிவதில் நீண்ட நாளாகத் தொடரும் சிரமம். விடுவது என்றால் குப்பையில் போடுவது மட்டும் இல்லை. கொடுப்பது, விற்பது, பழைய பேப்பர்காரரிடம் போடுவது எல்லாமே சேர்த்தி. ஒரே கேள்வியாக "பழைய சாமானைத் தூக்கிப் போடுவீங்களா?" என்று கேட்டால் "போன வாரம்கூடப் போட்டேனே" என்று பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவுவதுதான் முதல் தவறு. என்ன போட்டார், முடிவெடுக்க எவ்வளவு நேரமானது, போட்டபின் திரும்பப் போய் எடுத்து வந்தாரா, வேறு யாராவது போட்டதா என்று கேட்க வேண்டும். ஒரு கவரைப் போட இரண்டு மணி நேரம் ஆகி, அதிலிருந்து பாதியைத் திரும்ப எடுத்து வைத்திருந்தால் ஏ விதி பொருந்துகிறது.

பெற்றோர் இறந்து அவர்கள் வீட்டுச் சாமான் முழுவதும் இரண்டு மாதம் முன்பு வந்து இறங்கியிருந்தால் அது தற்காலிகம். ஏ விதிக்குள் வராது.

பி விதி: ஏன் வைத்திருக்கிறார்

வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற உந்துதல், விடும்போது எழும் வேதனை. இரண்டும் வேண்டும். பின்னால் உதவும், வீணாக்கக் கூடாது, இதில் ஒரு தகவல் இருக்கிறது, இது அவர் கொடுத்தது, அழகாக இருக்கிறது என்று காரணங்கள் பலவாக வரும். எந்தக் காரணமும் சொல்லாமல் "அப்படியே கிடக்குது, எடுத்துப் போடத் தெம்பில்ல" என்று சொல்பவரிடம் பி விதி பொருந்துவதில்லை. அங்கே மனச்சோர்வைத் தேட வேண்டும்.

தமிழ் வீடுகளில் நடத்துபவர்களுக்கு இந்த இடத்தில் கூடுதல் எச்சரிக்கை. பால் கவர், தாம்பூலப் பை, ஹோட்டல் பார்சல் டப்பா, பழைய புடவை இவற்றைச் சேர்ப்பது நம் ஊரில் பழக்கம், நோய் இல்லை. சேர்ப்பதைப் பார்க்காமல், எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "இதுல இருபது வெச்சுக்கிட்டு மிச்சத்தைப் போட்டுடலாமாம்மா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். முகம் மாறுவதும், எந்த இருபது என்று தேர்ந்தெடுக்க முடியாமல் நிற்பதும், பேச்சு வேறு பக்கம் போவதும் குறித்துக்கொள்ள வேண்டியவை.

சாமி படம் போட்ட கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் இன்னொரு சிக்கல். போட்டால் பாவம் என்பது பல வீடுகளில் சாதாரண நம்பிக்கை. கோயிலில் கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று கேளுங்கள். நிம்மதியாகத் தலையாட்டினால் அது நம்பிக்கை. அதற்கும் ஒரு மறுப்பும், அதன் பின் இன்னொரு காரணமும் வந்துகொண்டே இருந்தால் பிரச்சினை சாமியைப் பற்றியது இல்லை.

கற்பனையாகக் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் எல்லை உண்டு. 2012-ல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் டோலின் குழு வெளியிட்ட மூளை ஆய்வில், தன் காகிதம் எது, பிறர் காகிதம் எது என்று பிரித்துக் கொடுத்து வைப்பதா கிழிப்பதா என்று முடிவெடுக்கச் சொன்னார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களின் மூளை தன் காகிதத்துக்கு ஒருவிதமாகவும் பிறர் காகிதத்துக்கு வேறுவிதமாகவும் வேலை செய்தது. ஆகவே மேசை மேல் இருக்கும் கிளினிக் காகிதத்தைக் காட்டிக் கேட்டுப் பயனில்லை. அவருடைய பையிலிருந்தே ஒரு பழைய ரசீதை எடுத்து, அதை என்ன செய்வது என்று யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். இது படிவத்தில் இல்லை, நாங்கள் சேர்க்கச் சொல்வது. கிழிக்க வைக்கக் கூடாது, முடிவு எப்படி எடுக்கிறார் என்று மட்டும் பார்க்க வேண்டும்.

சி விதி: வீடு

படிவத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. சேர்ந்த பொருள்கள் புழங்கும் இடங்களை அடைத்து, அந்த இடத்தை அதற்குரிய வேலைக்குப் பயன்படுத்த முடியாமல் செய்திருக்க வேண்டும். பரண், மொட்டை மாடி அறை, கார் ஷெட், மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம் எவ்வளவு நிறைந்திருந்தாலும் அது மட்டும் போதாது. ஹால், சமையலறை, படுக்கையறை, குளியலறை, நடை ஆகியவைதான் கணக்கு.

வாய்ச்சொல்லை நம்பி இந்த விதியை முடிவு செய்வதுதான் அதிகமாக நடக்கும் தவறு. "கொஞ்சம் அடைசலா இருக்கும் டாக்டர்" என்ற ஒரே வாக்கியத்தை, செய்தித்தாள் அடுக்கு நாலு வைத்திருக்கும் சுத்தக்காரரும் சொல்வார், கட்டிலே தெரியாத வீட்டில் இருப்பவரும் சொல்வார். அளவைக் கேட்காமல் வேலையைக் கேட்க வேண்டும். "ராத்திரி எங்கே படுக்கிறீங்க? கட்டில்ல காலை நீட்ட இடம் இருக்கா? அடுப்புல எத்தனை பர்னர் எரியுது? சிங்க்ல பாத்திரம் கழுவ முடியுதா? பாத்ரூம் கதவு முழுசாத் திறக்குமா? கடைசியா எப்போ ஹால்ல உக்காந்து சாப்பிட்டீங்க?" இப்படிக் கேட்டால் பதில் ஆம், இல்லை என்பதில் நிற்காது. கட்டிலில் பாதி இடம், ஒரே ஒரு பர்னர், கதவு ஒருக்களித்து நுழைகிற அளவு என்று வரும். அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் போனால் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு அவரே அழைத்துப் போகட்டும். எந்தப் பொருளையும் தொடக் கூடாது. உட்கார இடம் இல்லாவிட்டால் நின்றபடியே பேசலாம், நாற்காலியில் இருப்பதை எடுத்துக் கீழே வைக்க வேண்டுமானால் அவரைக் கேட்டு அவர் கையாலேயே வைக்கச் சொல்ல வேண்டும். குப்பை, சாக்கடை, நாற்றம் போன்ற சொற்கள் வாயில் வரக் கூடாது. அவர் "என் சாமான்" என்றால் நாமும் அதையே சொல்வோம். தூசி ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு மாஸ்க் போடுவது, வாசலில் வந்து முகம் சுளித்துப் போடுவதைவிட மேல். போட்டோ எடுப்பதானால் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான்.

சி விதியில் ஒளிந்திருக்கும் துணை வாக்கியம் ஒன்றைப் பலர் தவற விடுகிறார்கள். வீடு சுத்தமாக இருந்தாலும், அது பிறர் தலையீட்டால் மட்டும் என்றால் விதி பொருந்துகிறது. மருமகள் மாதா மாதம் ஒதுக்கிவிடும் வீடு, வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீடு, ஹவுஸ் ஓனர் போன மாதம்தான் சண்டை போட்டுக் காலி செய்ய வைத்த வீடு. "கடைசியா இந்த ரூமை ஒதுக்கினது யாரு? அவங்க ஆறு மாசம் ஊருக்குப் போயிட்டா இது எப்படி இருக்கும்?" என்ற இரண்டு கேள்விகள் இதற்குப் போதும். பிள்ளைகளை மதிப்பிடும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்கள் அறையைப் பெற்றோர்தான் ஒதுக்கி வைக்கிறார்கள்.

கூட்டுக் குடும்பத்தில் எந்தப் பொருள் யாருடையது என்றும் பிரிக்க வேண்டும். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்தால், அடைசலில் பாதி வேறொருவருடையதாக இருக்கும். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் இடம் இல்லாததற்குக் காரணம் வாடகை, வியாதி இல்லை.

படத்தட்டு இல்லாமல் போகாதீர்கள்

வீட்டுக்குப் போக முடியாத சூழல் வரும். அப்போது வாய்ச்சொல்லுக்குத் துணையாகச் சேர்க்க வேண்டியது கிளட்டர் இமேஜ் ரேட்டிங் என்ற படத்தொகுப்பு. ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெக்கெட்டி, டோலின் உள்ளிட்டோர் 2008-ல் வெளியிட்டார்கள். ஹால், சமையலறை, படுக்கையறை என மூன்று அறைகள், ஒவ்வொன்றுக்கும் 9 படங்கள். முதல் படத்தில் பொருள் எதுவும் குவிந்திருக்காது, ஒன்பதாவதில் அறையே தெரியாது. தன் அறைக்கு நெருக்கமான படத்தின் எண்ணை அவர் சொல்ல வேண்டும். ஓர் அறைக்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. பிரிட்டனில் தீயணைப்புத் துறையினரும் இதே படங்களை 1 முதல் 3, 4 முதல் 6, 7 முதல் 9 என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள்.

ஏ4 தாளில் கலரில் அச்சடித்து லேமினேட் செய்துகொள்ளுங்கள். போன் திரையில் 9 படத்தையும் ஒன்றாகக் காட்டினால் 3-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியாது. நோயாளி எண்ணைச் சொன்னபின், கூட வந்த மகளைத் தனியே கேளுங்கள். வீட்டைப் பார்த்திருந்தால் நீங்களும் ஓர் எண்ணை எழுதுங்கள். அவர் 3 என்கிறார், மகள் 6 என்கிறார், நீங்கள் 6 போடுகிறீர்கள் என்றால் நோய் பற்றிய உணர்வு எவ்வளவு என்பதற்கு வேறு கேள்வி அநேகமாகத் தேவைப்படாது.

குறை ஒன்று உண்டு. படங்கள் எல்லாம் சோபாவும் கட்டிலும் போட்ட அமெரிக்க அறைகள். தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் இருப்பவர் அந்தப் படங்களோடு தன் அறையை ஒப்பிடத் தடுமாறுவார். அப்போது படத்தின் சாமானைப் பார்க்காமல் தரையில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கச் சொன்னால் ஓரளவு சரியாக வரும்.

டி விதி: பாதிப்பு

வேதனை அல்லது வாழ்க்கையில் இடைஞ்சல், இரண்டில் ஒன்று வேண்டும். தனக்கும் பிறருக்கும் பாதுகாப்பான வீட்டை வைத்துக்கொள்ள முடியாமையும் இடைஞ்சல்தான். "உங்களுக்கு இதனால கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், வேதனை வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு. ஆகவே நடந்ததைக் கேளுங்கள். யாரும் வீட்டுக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது, குழாய் ஒழுகியும் பிளம்பரை ஏன் கூப்பிடவில்லை, சிலிண்டர் போட வருபவரை வாசலிலேயே நிறுத்துகிறாரா, பெண் பார்க்க வரும் குடும்பத்தை ஹோட்டலில் சந்தித்தது ஏன். வேதனை இல்லை என்ற பதிலோடு இவையெல்லாம் சேர்ந்து வந்தால் டி விதி பொருந்துகிறது என்றே எழுத வேண்டும்.

இ, எஃப் விதிகள்: வேறு எதுவும் இல்லையே?

வேறு உடல் நோய் காரணம் இல்லை என்பது இ விதி, வேறு மனநோய் காரணம் இல்லை என்பது எஃப் விதி. படிவத்தின் இந்தப் பகுதி சுருக்கம்தான், நடத்துபவரின் அனுபவத்தை நம்பி நிற்கிறது. வயதைக் கேட்டாலே பாதி தெரியும். இந்தக் கோளாறின் முதல் அடையாளங்கள் 11 முதல் 15 வயதில் தலைகாட்டி, இருபதுகளின் நடுவில் அன்றாட வாழ்க்கையில் குறுக்கிட்டு, முப்பதுகளின் நடுவில் வெளிப்படையான பாதிப்பாகிறது. ஒவ்வொரு பத்தாண்டுக்கும் கூடிக்கொண்டே போகும். ஆகவே 65 வயதில் திடீரென்று ஆரம்பித்தது என்று குடும்பம் சொன்னால், நேர்காணலை அங்கேயே நிறுத்திவிட்டு நினைவாற்றல் சோதனைக்கும் நரம்பியல் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். டிமென்ஷியா, பக்கவாதம், தலையில் அடி எல்லாம் இப்படித் தொடங்கும். அதே சமயம், ஆரம்பம் தாமதமா அல்லது தடுத்துவந்த மனைவி இறந்தபின் வெளிப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும்.

ஓசிடியைப் பிரிப்பது சிரமமானது, படிவம் இதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருப்பது நியாயம். குப்பைத்தொட்டியைத் தொட்டால் அசுத்தம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் போடாமல் வைத்திருப்பவரின் வீடும் நிறையும். வெட்டிய நகம், கெட்டுப்போன சோறு போன்ற விநோதமான பொருள்களைப் பயத்தால் வைத்திருப்பதும் ஓசிடி பக்கம்தான் கைகாட்டும். அந்த நினைப்பு தனக்கே பிடிக்காதது, வலிய வருவது என்று அவர் சொல்வார். பொருள் சேர்ப்புக் கோளாறில் அந்தப் பொருள் பிடித்திருக்கிறது, வாங்கும்போது மகிழ்ச்சிகூட இருக்கிறது. "போட்டா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்ற கேள்விக்கு வரும் பதிலில்தான் வித்தியாசம் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

மனச்சோர்வு அடிக்கடி கூட வரும், அதனால் அது மட்டும்தான் காரணமா என்று பார்க்க வேண்டும். சோர்வு வருவதற்கு முன் வீடு எப்படி இருந்தது, சரியாக இருந்த காலத்தில் விட முடிந்ததா என்று கேளுங்கள். சேகரிப்பாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தபால் தலை, பழைய காசு சேர்ப்பவர் ஒரு வகையை மட்டும் தேடுவார், அடுக்கி வைப்பார், அவர் வீட்டில் விருந்தாளி உட்கார நாற்காலி இருக்கும்.

எவ்வளவு தீவிரம்? அதற்கு வேறு தாள்

எஸ்ஐஎச்டி உண்டு, இல்லை என்று முடிவு சொல்லும், அதற்கு மதிப்பெண் கிடையாது. சிகிச்சைக்குப் பின் முன்னேற்றம் பார்க்கவும் வழி இல்லை. இந்த இடத்தை நிரப்ப ஹோர்டிங் ரேட்டிங் ஸ்கேல் இன்டர்வியூ, சுருக்கமாக எச்ஆர்எஸ்-ஐ, சேர்த்துக்கொள்ள வேண்டும். டோலின், ஃப்ராஸ்ட், ஸ்டெக்கெட்டி 2010-ல் வெளியிட்டது. ஐந்தே கேள்விகள்: அடைசல், விட முடியாமை, வாங்கிச் சேர்த்தல், வேதனை, இடைஞ்சல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை. 2 லேசானது, 4 மிதமானது, 6 கடுமையானது, 8 மிகக் கடுமையானது. மொத்தம் 40. பத்து நிமிடத்தில் முடியும், போனிலும் கேட்கலாம்.

மொத்தம் 14 வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் வெட்டெண். அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம். ஒருவருக்கு அடைசல் 0, விட முடியாமை 2, வாங்குதல் 8, வேதனை 4, இடைஞ்சல் 4 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18. வெட்டெண்ணைத் தாண்டிவிட்டார், ஆனால் வீடு காலியாக இருக்கிறது. இது வாங்கும் வெறியின் கதை. இன்னொருவருக்கு அடைசல் 4, விட முடியாமை 4, வாங்குதல் 0, வேதனை 4, இடைஞ்சல் 0. மொத்தம் 12, வெட்டெண்ணுக்குக் கீழே. ஆனால் நோய்க்கு வேண்டியது எல்லாம் இவரிடம்தான் இருக்கிறது. ஆகவே கூட்டுத்தொகையோடு, அடைசலும் விட முடியாமையும் 4-க்குக் குறையாமல், வேதனை அல்லது இடைஞ்சலில் ஒன்றாவது 4-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

நோயாளியே நிரப்பும் சேவிங் இன்வென்டரி ரிவைஸ்டு என்ற 23 கேள்வித் தாளும் உண்டு, முதலில் முன்வைத்த வெட்டெண் 41. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். நோயுணர்வு குறைந்தவரிடம் அது குறைத்தே காட்டும், அதுவும் ஒரு தகவல்தான். பொது மனநல நேர்காணலாக எஸ்சிஐடி-5 ஏற்கெனவே நடத்துபவர்களுக்கு அதில் உள்ள ஹோர்டிங் பகுதி முதல்கட்டச் சல்லடைக்குப் போதும், சந்தேகம் எழுந்தால் எஸ்ஐஎச்டிக்கு வரலாம்.

ஆபத்துப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

படிவத்தில் பின்னால் வருவதால் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போகும்போது இதை முதல் பத்து நிமிடத்தில் கண்ணால் முடித்துவிடுவது நல்லது. அடுப்புக்கு ஒரு முழத்துக்குள் காகிதமோ துணியோ இருக்கிறதா, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கை எட்டி மூட முடிகிறதா, ஓவர்லோடு ஆன எக்ஸ்டென்ஷன் வயர் காகிதக் கட்டுக்கு அடியில் ஓடுகிறதா, வாசலுக்கு வழி இருக்கிறதா, தலைக்கு மேல் அடுக்கியது சரியுமா, எலி எச்சம் இருக்கிறதா, மருந்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறதா. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் தீயணைப்புத் துறையின் பதிவுகளை ஆராய்ந்து 2009-ல் வெளிவந்த அறிக்கையில், பொருள் குவிந்த வீடுகளில் நடந்த தீ விபத்துகள் மொத்த வீட்டுத் தீயில் 0.25 சதவீதம்தான், ஆனால் தடுத்திருக்கக் கூடிய வீட்டுத் தீ மரணங்களில் 24 சதவீதம் அங்கேதான்.

வீட்டில் குழந்தையோ படுத்த படுக்கையான முதியவரோ இருந்தால் அவர்கள் பாதுகாப்பைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். அடுப்பைச் சுற்றி இடம் விடுவது, வாசலுக்கு ஓர் ஆள் போகும் வழி விடுவது இந்த இரண்டையும் அன்றைக்கே பேசி, அவர் சம்மதத்தோடு செய்யலாம். வீடு முழுவதையும் காலி செய்யும் பேச்சை எடுக்கவே கூடாது. அவருக்குத் தெரியாமல் பிள்ளைகள் லாரி வைத்து அள்ளிப் போட்டால் வீடு மறுபடி நிறையும், அடுத்த முறை உங்களுக்குக் கதவும் திறக்காது.

அறிக்கை எழுதும்போது

டிஎஸ்எம்-5-ன்படி நோயுணர்வு மூன்று நிலை: நல்ல அல்லது ஓரளவு, குறைவு, அறவே இல்லை அல்லது மாயநம்பிக்கை. ஐசிடி-11-ல் இரண்டு நிலைதான். எந்த முறையில் எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். வாங்கிச் சேர்ப்பதில் இலவசமாக எடுத்து வருவதையும் கேட்டீர்களா என்று ஒரு முறை சரிபாருங்கள். பலர் கடையில் வாங்குவதை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். எச்ஆர்எஸ்-ஐ ஐந்து எண்களையும் தனித்தனியே எழுதுங்கள், கூட்டுத்தொகை மட்டும் போதாது. படத்தட்டில் அவர், குடும்பத்தார், நீங்கள் சொன்ன மூன்று எண்களும் அறைவாரியாக வேண்டும். வீட்டைப் பார்த்தீர்களா, வீடியோ காலில் பார்த்தீர்களா, கேட்டு மட்டும் எழுதினீர்களா என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். கேட்டு மட்டும் எழுதியிருந்தால் சி விதிக்கு எதிரே "தற்காலிகம்" என்று எழுதி, வீட்டைப் பார்க்கப் போகும் தேதியைப் போட்டு வையுங்கள்.